பெட்ரோல் விலைக்கு டெல்டாக்காரன் மேல் பழி போடாதீர்கள்

நேற்றைய டிவி விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் அந்தத் துண்டுக் காணொலி இதற்குள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். காவிரி டெல்டாவில் விவசாயிகள் எண்ணெய் எடுக்க விடாமல் தடுத்ததால்தான் பெட்ரோல் நூறு ரூபாய்க்கு விற்கிறதாம். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நம் மண்ணில் எடுக்கிற எண்ணெயை நமக்கு யாரும் மலிவாகத் தருவதில்லை. ராஜஸ்தானில் எடுத்தாலும் மும்பைக் கடலில் எடுத்தாலும் அது ஆலைக்குப் போவது உலகச் சந்தை விலைக்குத்தான். 2022 ஜூலையில் உள்நாட்டுக் கச்சா எண்ணெய் மீது டன்னுக்கு 23,250 ரூபாய் வரி போட்டபோது ஒன்றிய அரசே சொன்ன காரணம் இது. உலகத்திலேயே அதிகமாக எண்ணெய் எடுப்பது அமெரிக்கா. அதே 2022 ஜூனில் அங்கே ஒரு காலன் பெட்ரோல் ஐந்து டாலரைத் தாண்டியது. அங்கே எந்த விவசாயி குறுக்கே நின்றார்?

2020 மே மாதம் நினைவிருக்கிறதா? கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு விழுந்து கிடந்தது. ஒரே ராத்திரியில் கலால் வரியை பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றினார்கள். அந்தச் சரிவின் பலன் பங்க் வரைக்கும் வரவே இல்லை. அதைப் பற்றி நேற்று மூச்சு விடவில்லை.

"உற்பத்தி கூடினால் அந்நியச் செலாவணி மிச்சமாகுமே?" ஆகும், சரி. ஆனால் அது வேறு கணக்கு. உற்பத்தி குறைந்ததற்கும் டெல்டாக்காரன் காரணமில்லை. 2011-12இல் 3.8 கோடி டன் எடுத்த நாடு இப்போது 3 கோடிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மும்பைக் கடலில் இருக்கும் மும்பை ஹை மாதிரி பழைய எண்ணெய் வயல்கள் வற்றிக்கொண்டு வருகின்றன. எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நடந்த நெடுவாசல் போராட்டம் 2017இல் தான். சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மொத்த உற்பத்தியில் காவிரிப் படுகையின் பங்கே சொற்பம். மறுபடியும் சொல்கிறேன், அதை முழுக்க உறிஞ்சி எடுத்தாலும் உங்கள் பங்க் விலை இறங்காது.

என் பெரியப்பா வயலுக்கு அடியில் எண்ணெய்க் குழாய் போகிறது. நாட்டுக்குத் தானே என்று கேட்டவுடன் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒரு குறுவையில், நட்ட பயிர் பச்சை பிடிக்கிற நேரத்தில் குழாய் உடைந்தது. தண்ணீர் மேல் கருப்பாக ஏடு படிந்து, நாற்றின் தூரெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. ஒன்றைப் பிடுங்கி மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அளக்க வந்தவர்கள் எண்ணெய் படிந்த இடத்தை மட்டும் சென்ட் கணக்கில் அளந்தார்கள். பக்கத்து மடைக்குப் போன தண்ணீர் கணக்கில் வராதாம். அந்த மனிதரைத்தான் நேற்று நாட்டின் வளர்ச்சிக்கு எதிரி என்றார்கள்.

"நீ வண்டிக்குப் பெட்ரோல் போடுவதில்லையா?" என்று கீழே கருத்தில் வந்து கேட்பீர்கள், தெரியும். போடுகிறேன். ஒவ்வொரு லிட்டருக்கும் வரியும் கட்டுகிறேன். பெட்ரோல் போடுகிறவன் வயலைப் பற்றிப் பேசக்கூடாது என்றால், சோறு தின்கிறவர்கள் மட்டும் விவசாயியைத் திட்டலாமா?

அந்தக் காணொலியைச் சிரிப்புக் குறி போட்டுக் குடும்பக் குழுவில் பகிர்ந்தது என் சொந்த மாமா பையன். பெரியப்பாவும் அதே குழுவில்தான் இருக்கிறார். அவரும் அதைப் பார்த்திருப்பார். ஒரு வார்த்தை எழுதவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.