நிறுத்திவைத்தால் குற்றவாளியா?

பல்கலைக்கழகத்தில் சேர என் தங்கை எழுதிய ஆங்கிலத் தேர்வின் முடிவை நிறுத்திவைத்திருப்பதைப் பற்றி நேற்று எழுதியிருந்தேன். அந்தப் பதிவின் கீழே ஓர் அன்பர் எழுதியதை நீங்களும் படித்திருப்பீர்கள்: "தப்பு செய்யாவிட்டால் முடிவை ஏன் நிறுத்திவைக்கப் போகிறார்கள்? நெருப்பில்லாமல் புகையுமா?" இரவெல்லாம் அந்தப் புகைதான் என் கண்ணை எரித்தது.

ஐயா, நிறுத்திவைப்பது தீர்ப்பல்ல. என் தங்கையின் ஆங்கிலத் தேர்வு முடிவு இன்றோடு 41 நாளாக வரவில்லை. காரணம் கேட்டால், "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரி. கேள்வியை எப்படி மாற்றிக் கேட்டாலும் பதிலில் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை.

மோசடி நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது; ஆள்மாறாட்டம்கூட நடக்கிறது. சோதிக்கட்டும். எதைச் சோதிக்கிறோம், எப்போது முடிப்போம் என்று சொல்லிவிட்டுச் சோதிக்கட்டும். மறுமதிப்பீடு கேட்கலாமே என்கிறார் இன்னொருவர். வராத மதிப்பெண்ணுக்கு மறுமதிப்பீடா? திரும்ப எழுதச் சொன்னவருக்குப் பதில் கிடையாது. கட்டணத்தை அவர் கட்டட்டும், பிறகு பேசலாம்.

நானும் இந்தத் தேர்வை எழுதியவன். உள்ளே போகும்போது விரல்ரேகை, கழிப்பறைக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும் விரல்ரேகை. கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் பிறகு சந்தேகம் மட்டும் மாணவர் மேல்!

புகையைப் பற்றிச் சொன்னவருக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 2014இல் பிரிட்டனில், மாணவர் விசாவுக்காக எழுதும் டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் தேர்வில் மோசடி நடப்பதை பிபிசி அம்பலப்படுத்தியது. அது உண்மையான மோசடிதான். அதன்பின் தேர்வை நடத்திய நிறுவனத்தார் 58,000க்கும் மேற்பட்ட தேர்வுகளை ஆராய்ந்து, 97 சதவீதம் செல்லாதவை அல்லது சந்தேகத்துக்குரியவை என்றார்கள். நூற்றுக்கு மூன்று பேர்தான் யோக்கியர்களாம்! விசா பறிபோய், படிப்பு பாதியில் நின்று, பல ஆண்டுகள் வழக்காடி வென்றவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். நெருப்பு இருந்தது ஐயா. வெந்தவர்களில் தீ வைக்காதவர்களும் இருந்தார்கள்.

தேர்வு முடிவு 2 ஆண்டுதான் செல்லும். அந்தக் கணக்கு தேர்வெழுதிய நாளிலிருந்தே ஓடுகிறது. அவர்கள் பூட்டிவைத்திருக்கும் நாளும் அதில்தான் கழியும். பல்கலைக்கழகம் கொடுத்த கெடுவும் காத்திருக்காது. தங்கை இப்போது தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். தூங்குகிறாள் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

அந்த அன்பரை எனக்குத் தெரியாது, போகட்டும். அவருக்கு விருப்பக்குறி போட்ட 11 பேரைத் தெரியும். அதில் மூவர் வெளிநாட்டு விண்ணப்பக் கடிதத்தின் ஆங்கிலத்தைத் திருத்தித்தரச் சொல்லி என்னிடம் வந்தவர்கள். திருத்தித் தந்தேன். இது நீங்களே எழுதியதுதானா என்று நான் கேட்கவில்லை.