பத்திரம் யார் பேரில்?

'ஏழைகள் இருக்கும் ஏரியாவின் காலி மனைகளில் எல்லாருக்கும் பொதுவாகப் பழமரம் வைத்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பறித்துக்கொண்டு போய்விட மாட்டார்களா?' என்று ஒரு நண்பர் கேட்டார். பறித்துக்கொண்டு போகத்தானே வைக்கிறார்கள்! எனக்குப் பயம் பழத்தைப் பற்றி இல்லை, நிலத்தைப் பற்றி.

நான் இருக்கும் அமெரிக்க நகரமான பிலடெல்பியாவையே சொல்கிறேன். 1950-இல் இங்கே 20 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஆலைகள் மூடின, வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள். வடக்கிலும் மேற்கிலும், பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில், வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தன. நகரம் முழுக்க 40,000 காலி மனைகள் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பழைய டயர், மெத்தை எல்லாம் அங்கேதான் வந்து விழும்.

இந்த மாதிரி மனைகளுக்காகவே 2007-இல் 'பிலடெல்பியா ஆர்ச்சர்டு ப்ராஜெக்ட்' தொடங்கியது. கன்று தருவார்கள், நடவும் கவாத்து செய்யவும் சொல்லிக்கொடுப்பார்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதும் பழத்தை என்ன செய்வது என்று முடிவெடுப்பதும் அந்தந்தப் பகுதி மக்களின் அமைப்புகள். எனக்கு இது பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து வந்து நட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போகிற வேலை இல்லை.

போட்டோ என்றதும் ஆப்பிள் ஞாபகம் வருகிறது. பழத்தோட்டம் என்றாலே எல்லாருக்கும் ஆப்பிள்தான் வேண்டும். ஆனால் இந்த ஊர் ஈரப்பதத்தில் துரு நோயும் புழுவும் படுத்தும் பாட்டுக்கு, மருந்தடிக்காமல் நல்ல ஆப்பிள் பார்ப்பது கஷ்டம். அத்தி, பெர்சிமன், ஜூன்பெர்ரி, நம்ம இலந்தையின் சீன உறவு, பாவ்பா இதெல்லாம் அவ்வளவு சிரமம் கொடுக்காது. பாவ்பா இந்த மண்ணிலேயே விளைந்த மரம், சீத்தாப்பழக் குடும்பம். பச்சைத் தோலைக் கிழித்தால் உள்ளே மஞ்சள் சதை குழைந்து கிடக்கும், நடுவில் புளியங்கொட்டை மாதிரி பெரிய விதைகள். பறித்த சில நாளில் கனிந்து கெட்டுவிடும் என்பதால் சூப்பர் மார்க்கெட் பக்கமே வராது. மரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குத்தான் கிடைக்கும். நல்ல கடையே இல்லாத தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான பழம் எது?

இன்னொரு விஷயம் ஈயம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். இடிந்த பழைய வீடுகளின் ஈயம் இன்னும் மண்ணில் இருக்கிறது. கீரையிலும் கிழங்கிலும் அந்த மண் ஒட்டும், உள்ளேயும் ஏறும். மரத்தின் பழத்துக்குள் போவது மிகக் குறைவு. மண்ணைச் சோதிக்கத்தான் வேண்டும், அதில் சமரசம் கூடாது. ஆனாலும் இப்படிப்பட்ட மனைக்குக் காய்கறிப் பாத்தியைவிடப் பழமரம் தோது.

சரி, நிலத்துக்கு வருகிறேன். பல மனைகளுக்குச் சொந்தக்காரர் எங்கே என்றே தெரியாது. அக்கம்பக்கத்தார்தான் குப்பை அள்ளித் தோட்டம் போட்டார்கள். நகர நிர்வாகமோ 1997-இல் பாக்கி நின்ற சொத்து வரிக் கடன்களை வசூலிக்கும் உரிமையை மொத்தமாக ஒரு வங்கிக்குக் கைமாற்றிவிட்டது. பல வருடம் கழித்து அந்தக் கடனுக்காக மனைகள் ஏலத்துக்கு வந்தன. நிலத்தைத் திருத்தியவர்களுக்கு ஏலத்தில் ஒரு உரிமையும் இல்லை. தோட்டக்காரர்கள் விடாமல் போராடிய பிறகுதான் ஒரு பகுதிக் கடன்களை நகரமே திரும்ப வாங்கியது.

தக்காளி போட்டவர் அடுத்த வருடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். பேரிக்காய் வைத்தவர் நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும். காய்க்கிற நேரத்தில் புல்டோசர் வந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

தோட்டம் வந்தால் வாடகை ஏறும், கடைசியில் ஏழைகளே வெளியேற வேண்டியிருக்கும் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்காகக் குப்பைமேட்டை அப்படியே விட முடியாது. இதே ஊரில் 541 காலி மனைகளை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. வறுமை மிகுந்த பகுதிகளில் மனைகளைச் சுத்தப்படுத்திப் புல்லும் சில மரங்களும் வைத்ததற்கே துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. பழமரம்கூட இல்லை, வெறும் புல்லும் சாதாரண மரமும்தான்!

ஆகவே வாடகைக்குக் கட்டுப்பாடு கேளுங்கள். கூடவே, மனையை முதலில் அறக்கட்டளை பேருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். இங்கே 'நெய்பர்ஹுட் கார்டன்ஸ் டிரஸ்ட்' அதைத்தான் செய்கிறது, நிலத்தை வாங்கி நிரந்தரமாகக் காப்பாற்றுகிறது. கன்றுக்கு நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் நானும் பத்திரம் யார் பேரில் என்று கேட்ட பிறகே பர்ஸை எடுக்கிறேன்.