இழுபடுகிற தயிரெல்லாம் கலப்படமில்லை

கரண்டியில் எடுத்தால் தயிர் நூல்போல இழுபட்டால் மா கலந்திருக்கிறார்கள் என்று தயிர்க் கலப்படம் பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. இலங்கை மலைநாட்டில் ஹட்டன், பொகவந்தலாவை பக்கம் தோட்டங்களில் ஓரிரு மாடு வைத்து தயிர் விற்கிற பெண்களின் பிழைப்பில் மண் போடுகிற பேச்சு இது. பாலைத் தயிராக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் சில வகைகள் தாமாகவே பல்சர்க்கரையை, அதாவது சர்க்கரைகள் கோர்த்த நீண்ட சங்கிலியைச் செய்து வெளியே விடும், அதுதான் அந்த இழை. குளுக்கோஸ், கலக்டோஸ், சிலவற்றில் ரம்னோஸும் சேர்ந்து, சில சர்க்கரைகள் கொண்ட ஒரே துண்டு ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பக் கோர்க்கப்பட்ட சங்கிலி. பின்லாந்தின் வீலி தயிர் இழுபடுவதும் லாக்டோகாக்கஸ் கிரெமோரிஸ் என்ற பாக்டீரியா செய்யும் இப்படியான சங்கிலியால்தான், அதில் பாஸ்பேட்டும் உண்டு. இந்த இனம் சுமார் 20 பாகை செல்சியஸ் குளிரில்தான் நன்றாக இழை விடும், நம் மலைநாட்டுக் குளிர் அதற்குத் தோதானது. மாவிலுள்ள மாச்சத்து குளுக்கோஸ் மட்டும் கோர்த்தது, அதிலுள்ள அமைலோஸ் என்ற சங்கிலியின் சுருளுக்குள் அயடின் புகுந்தால்தான் நீலம் வரும், பாக்டீரியாவின் சங்கிலியில் அந்தச் சுருள் இல்லை. சந்தேகமென்றால் கொஞ்சம் தயிரில் நீர் விட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஒரு துளி அயடின் விட்டுப் பாருங்கள், பிறகு குற்றம் சொல்லுங்கள். சரி, நாற்றமோ கசப்போ இருந்தால் அது வேறு கிருமி, கொட்டிவிட வேண்டியதுதான்.