"தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்

மிளகு இறந்துவிட்டாள் என்று சொன்னால் உடனே வருகிற கேள்வி, "நாயா, பூனையா?" கினி பிக் என்றதும் "ஓ, அதுவா" என்று பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் நெருக்கமானவர்கள் "இன்னொண்ணு வாங்கிக்கிட்டா போச்சு" என்று ஆறுதல் சொல்கிறார்கள். இவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு கிலோகூடத் தேறாத, எலிச் சாயலில் இருக்கிற ஒரு பிராணிக்காக வளர்ந்த ஆள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத்தான் இருக்கும்.

வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தத்துக்கும் மற்ற கதவுகளின் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியும். கொத்தமல்லி சுற்றியிருக்கும் பை லேசாகச் சரசரத்தால் போதும், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி விசில் அடிக்கும். சந்தோஷம் தாங்காவிட்டால் நின்ற இடத்திலேயே நாலு காலும் எழும்பித் துள்ளும், நடுவானத்தில் திரும்பிக்கூடக் கொள்ளும். மிளகுக்கு நெற்றியில் ஒரு சுழி உண்டு. அதைத் தடவினால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தொண்டைக்குள் குறுகுறுவென்று ஏதோ பேசுவாள். இதையெல்லாம் ஒருவரிடம் உட்கார்ந்து விளக்க முடியாது. அதனால் "ஓ, அதுவா"வைக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறேன்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒருநாள் காலையில் உலர்புல்லை இழுத்து வாயில் வைத்தவள் அப்படியே கீழே போட்டுவிட்டாள். குடைமிளகாய்த் துண்டைப் பார்த்து ஓடிவந்தாள், முகர்ந்தாள், கடிக்கப் பார்த்தாள், விட்டுவிட்டாள். பசி இருக்கிறது, ஆனால் முடியவில்லை. தூக்கிப் பார்த்தால் தாடைக்குக் கீழே முடியெல்லாம் எச்சிலில் நனைந்து ஒட்டியிருந்தது.

கினி பிக்கின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் மட்டுமல்ல, கடைவாய்ப் பற்களும்தான். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேயும். சரியாகத் தேயாவிட்டால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமிருந்தும் உள்நோக்கிச் சாய்ந்து நாக்கை அமுக்கிவிடும். பிறகு விழுங்க முடியாது, எச்சில் வழியும். அதைவிடப் பெரிய ஆபத்து வயிற்றில். அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். சாப்பாடு நின்றால் குடலும் நின்றுவிடும், உள்ளே வாயு சேரும், வலியில் இன்னும் சாப்பிடாது. நாயோ பூனையோ ஒருவேளை சாப்பிடாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். இதற்கு அரை நாள் தாண்டினாலே அவசர நிலைதான்.

இதைத் தெரிந்துகொண்டுதான் அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லா வகைச் செல்லப் பிராணிகளையும் பார்ப்போம் என்று வாசலில் எழுதியிருந்தது. டாக்டர் உதட்டை விலக்கி முன்பல்லைப் பார்த்தார். "பல் நல்லாத்தானே இருக்கு?" கடைவாய்ப் பல் என்று மெதுவாகச் சொன்னேன். அந்தக் குட்டி வாய்க்குள் கன்னச் சதை இரண்டு பக்கமும் மூடியிருக்கும், காது பார்க்கிற கருவி மாதிரி ஏதாவது வெளிச்சத்தோடு உள்ளே விட்டால்தான் தெரியும். "இதுக்கெல்லாம் அவ்வளவு தூரம் பார்க்க வேண்டியதில்லைங்க" என்றார். எடை போடவில்லை. வலிக்கு எதுவும் தரவில்லை. "ராத்திரி வயித்தைக் காயப் போடுங்க" என்று சொல்லி அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் எழுதினார்.

"இந்த மருந்து இதுக்கு ஒத்துக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"குழந்தைங்களுக்கே கொடுக்கிறதுதான்" என்றார், சிரித்துக்கொண்டே.

அப்புறம் நடந்ததை விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. புழுக்கை சிறுத்தது, பிறகு வயிற்றுப்போக்கு ஆனது, உடம்பு சில்லிட்டது. வேறொரு டாக்டரைத் தேடிப் பிடித்து போனில் மருந்தின் பெயரைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "வாய் வழியாவா கொடுத்தீங்க?" அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

அந்த மருந்துதான் கொன்றது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பல் பிரச்சினையே முற்றிப்போய் இருந்திருக்கலாம். ஆனால் அமாக்ஸிசிலின் பென்சிலின் வகையைச் சேர்ந்தது, அந்த வகை மருந்துகளை கினி பிக்குக்கு வாய் வழியாகக் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. அதன் குடலில் செரிமானத்துக்கு உதவும் நல்ல கிருமிகளை அந்த மருந்து அழித்துவிடும். காலியான இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்கும். இது ஏதோ நேற்று கண்டுபிடித்த சமாச்சாரமும் இல்லை. பென்சிலின் கினி பிக்குகளைக் கொல்கிறது என்று 1943லேயே ஆய்வில் எழுதிவிட்டார்கள். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1940 மே மாதம், ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி என்ற விஞ்ஞானியின் குழு பென்சிலினை முதலில் சுண்டெலிகளுக்குப் போட்டுப் பார்த்தது. அன்றைக்கு சுண்டெலிக்குப் பதில் கினி பிக்குகளை எடுத்திருந்தால் இந்த மருந்தையே நஞ்சு என்று ஒதுக்கிவைத்திருப்பார்களோ என்று மருத்துவ வரலாற்றில் ஒரு பேச்சு உண்டு.

எனக்கு ஆறாதது இதுதான். 1882இல் காசநோய்க் கிருமியை நிரூபிக்க ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் இந்தப் பிராணியைத்தான் பயன்படுத்தினார். 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிஹ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைச் சோதனைக்கூடத்தில் வரவழைத்துப் பார்த்தது இதன் உடம்பில்தான், நம்மைப் போலவே இதாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது என்பதால். மனிதர்களுக்கு வைத்தியம் கண்டுபிடிக்க இத்தனை வருடம் இதை அறுத்துப் பார்த்தாயிற்று. இதற்கே ஒரு நோய் வந்தால் என்ன கொடுக்கக் கூடாது என்று பார்க்க ஒரு புத்தகத்தைப் புரட்ட நேரமில்லை.

டாக்டருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாடு, நாய், பூனை, கோழி, கிளி, ஆமை என்று ஒரே ஆள் எத்தனை உடம்பைத்தான் படித்து வைத்திருப்பார்? படிக்கும்போது கினி பிக்குக்கு ஒதுக்கிய பாடம் கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும். அது அவர் குற்றம் இல்லை. "இது எனக்குப் பழக்கமில்லைங்க, வேற இடத்துல காட்டுங்க" என்று சொல்லியிருந்தால் கும்பிட்டுவிட்டு அடுத்த வாசலைத் தேடியிருப்பேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு, கேட்ட கேள்விக்குச் சிரித்தாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பிறகு கிளினிக்கில் கேட்டபோது, "இந்த மாதிரி பிராணிங்க நோயை மறைச்சுக்கும், நமக்குத் தெரியும்போதே லேட்டாயிடும்" என்றார்கள். உண்மைதான். காட்டில் பிற விலங்குக்கு இரையாகும் பிராணி, பலவீனத்தை வெளியே காட்டாது. அப்படியென்றால் வாசலுக்கு வந்த அன்றைக்கே கிராம் கணக்கில் எடை பார்த்து, வலிக்கு மருந்து கொடுத்து, சிரிஞ்சில் கூழ் ஊட்டச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டாமா? நோயை மறைக்கும் பிராணி என்று தெரிந்தவர் வயிற்றைக் காயப் போடச் சொல்வாரா?

கினி பிக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: நோய் வரும் முன்பே டாக்டரைத் தேடி வையுங்கள். போனிலேயே கேளுங்கள், கடைவாய்ப் பல்லை எப்படிப் பார்ப்பீர்கள், எந்த ஆன்டிபயாடிக் கொடுப்பீர்கள், அறுவைச் சிகிச்சைக்கு முன் பட்டினி போடச் சொல்வீர்களா என்று. கோபப்பட்டால் படட்டும். விவரம் தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வைத்தால் அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோகலாம்.

மிளகுவோடு வளர்ந்த பட்டாணி இப்போது தனியாக இருக்கிறாள். கினி பிக்கைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று ஸ்விட்சர்லாந்தில் 2008இலிருந்து விதியே உண்டு, அந்த அளவுக்குத் துணை தேவைப்படும் உயிர். "இன்னொண்ணு வாங்கிக்கோ" என்றவர்கள் ஒரு வகையில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக. அதற்கு முன் அவளுடைய பல்லையும் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட வேண்டும். போனில் பேசிய அந்த டாக்டரிடம்தான் நேரம் கேட்டிருக்கிறேன்.