ஹசார்ட் லைட் போட்டுவிட்டால் நடுரோடு உங்களுடையதா?

குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா மகள் இன்று காலை ஒரு ரீல்ஸ் அனுப்பியிருந்தாள். இத்தாலியில் அமால்ஃபி கடற்கரைச் சாலையில் போகும்போது "காரை நிறுத்தியே தீர வேண்டிய" வளைவுகளின் பட்டியலாம். அதில் பொசிட்டானோ ஊரைத் தாண்டி வரும் அந்த வளைவும் இருக்கிறது. அதே தாழ்வான கல்சுவர், எதிரே வரும் வண்டி தெரிவதற்காக வைத்த அதே குவிகண்ணாடி. வீடியோ எடுத்தவரின் கார் ஹசார்ட் லைட் சிமிட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்பதும் அப்பட்டமாகத் தெரிகிறது. கீழே ஆயிரக்கணக்கில் லைக். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஏனென்றால் அந்த வளைவில்தான் எங்கள் ஒரு நாள் செத்தது.

பொசிட்டானோவுக்கு மேலே மலையில் வீடு எடுத்திருந்தோம். அங்கிருந்து பேஸ்டம் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். அப்பா வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தாலி என்றதும் அவர் ரோமைக் கேட்கவில்லை, பொம்பெயியைக்கூட இரண்டாவதாகத்தான் சொன்னார். முதலில் கேட்டது பேஸ்டம். கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் வந்து பொசைடோனியா என்ற பெயரில் கட்டிய நகரம், கி.மு. 273இல் ரோமானியர் பிடித்துப் பெயரை மாற்றினார்கள். மூன்று கோவில்கள் இன்னமும் தூண்களோடு நிற்கின்றன. அதில் மூத்தது ஏதென்ஸின் பார்த்தனான் கோவிலை விட ஒரு நூற்றாண்டு பழையது. அங்கே மியூசியத்தில் ஒரு கல்லறையின் மூடிக்கல் இருக்கிறது, உயரத்திலிருந்து தண்ணீருக்குள் பாயும் ஓர் இளைஞனை அதன் உட்புறத்தில் வரைந்திருக்கிறார்கள். 1968இல் தோண்டி எடுத்தது. அந்தக் கல்லை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சாலையை ஓட்டியவர்களுக்குத் தெரியும். தென் இத்தாலியை ஆண்ட பூர்போன் மன்னர்கள் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், குதிரை வண்டிக்காக மலையைக் குடைந்து போட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அந்தரம், கீழே கடல். இரண்டு கார் எதிரெதிரே வந்தாலே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும். கோடை வார இறுதிகளிலும் ஆகஸ்ட் முழுக்கவும் காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பார்த்து, ஒற்றைப்படை ஒரு நாள் இரட்டைப்படை ஒரு நாள் என்றுதான் வெளியூர்க் கார்களை விடுகிறார்கள். அந்த அளவுக்கு இடமில்லாத சாலை அது. நாங்களும் எங்கள் காரின் எண்ணுக்கு எந்தத் தேதி ஒத்துவரும் என்று பார்த்துத்தான் நாளைக் குறித்தோம். எல்லாரும் இப்படி விதியைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து, ஒதுங்கி ஒதுங்கி ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு கார் நின்றால் போதும், மொத்தமும் நாறிவிடும்.

நின்றது. எங்களுக்கு முன்னால் போன வெள்ளைக் கார், மேல்மூடி திறந்தது, சரியாக வளைவின் மூக்கில். பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். ஹசார்ட் லைட் எரிந்தது. ஒரு ஆள் இறங்கினான், டிக்கியைத் திறந்தான், ட்ரைபாடை எடுத்தான். எனக்கு அப்போதுகூடப் புரியவில்லை. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்சுவரின் மேல் ஏறி உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. பின்னால் பொசிட்டானோ வீடுகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன அல்லவா, அதற்காக.

ஹாரன் அடித்தேன். அவன் திரும்பி ஒரு விரலைக் காட்டினான். ஒரு நிமிடமாம்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஊர் பஸ் வந்துவிட்டது. அந்த டிரைவர்கள் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நீளமாக ஹாரன் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்கள், நாமெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்று வழி விடுவோம், அப்படித்தான் அந்தச் சாலையே ஓடுகிறது. இவர்களுக்கு அந்தச் சத்தமும் காதில் ஏறவில்லை. பஸ் பாதி வளைவுக்குள் வந்துவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது, ஏனென்றால் அதன் வாலில் வேன்கள் ஒட்டிவிட்டன. எங்களுக்குப் பின்னாலும் அதே கதை. ஸ்கூட்டர்காரர்கள் மட்டும் இடுக்கில் புகுந்து போனார்கள். எனக்குப் பின்னால் ஓர் அபே ஆட்டோ, நம் ஊரில் ஓடும் அதே மூன்று சக்கர வண்டிதான், பின்னால் பெட்டி பெட்டியாக எலுமிச்சை. ஓட்டி வந்த பெரியவர் இறங்கி நடந்து போய் அந்த ஆளிடம் கைகளை ஆட்டி ஏதோ கத்தினார். வேலைக்குப் போகிற மனுஷன். அவரைப் பார்த்து இவன் சிரித்தான். சிரித்துவிட்டுக் கேமராவைக் காட்டினான்! அந்தப் பெண் சுவரிலிருந்து இறங்கி வந்தாள், அப்பாடா முடிந்தது என்று பார்த்தால் காரிலிருந்து வேறொரு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறினாள். நான் மிகைப்படுத்தவில்லை. வைக்கோல் தொப்பி, நீல ரிப்பன். இந்த ஜென்மத்தில் அதை மறக்க மாட்டேன்.

கடைசியில் பஸ் டிரைவரே இறங்கி வந்து போட்ட சத்தத்தில்தான் அவர்கள் காரில் ஏறினார்கள். ஆனால் அதற்குள் முடிச்சு இறுகிவிட்டது. அந்த வெள்ளைக் கார் சின்னது, பஸ்ஸின் ஓரமாக நுழைந்து போய்விட்டது. மற்ற எங்களையெல்லாம் அந்த டிரைவர் ஒவ்வொருவராகக் கையைக் காட்டி, மிர்ரரை மடக்கச் சொல்லி, அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுக்க வைத்தார். கிளட்ச் வாடை குப்பென்று அடித்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, முட்டி வலியோடு பின்சீட்டில் காலை நீட்ட முடியாமல் அப்பா உட்கார்ந்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல். யாரால் அத்தனை பேரும் மாட்டினோமோ அவர்களுக்கு மட்டும் முன்னால் சாலை காலி.

அதோடு விட்டதா? ப்ரயானோ தாண்டி கொஞ்ச தூரம் போயிருப்போம். அதே வெள்ளைக் கார். அதே ஹசார்ட் லைட். அதே தொப்பி. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள், இல்லாவிட்டால் அன்று இறங்கி அடிதடியே ஆகியிருக்கும்.

ஒன்று கேட்கிறேன். ஹசார்ட் லைட் எதற்கு? வண்டி பழுதானால், ஆபத்தானால் போடுவதற்கு. அதை நாலு பேர் வழியை மறிக்கும் லைசென்ஸாக மாற்றியது யார்? கரையோர ஊர்கள் அத்தனைக்கும் இந்த ஒரு சாலைதான் உயிர்நாடி. அங்கே ஆம்புலன்ஸும் இதில்தான் வர வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளையும் இதில்தான் போக வேண்டும். நிறுத்திப் பார்ப்பதற்கென்றே அகலமான ஒதுக்கிடங்கள் அங்கங்கே விட்டிருக்கிறார்கள், அங்கிருந்தும் இதே கடல்தான், இதே வீடுகள்தான். அதுவும் போதாது, வளைவின் மூக்குதான் வேண்டும், ஏனென்றால் ரீல்ஸில் பார்த்தது அந்த வளைவு.

சரி, பேஸ்டம். மையோரி, வியெத்ரி, சலெர்னோ எல்லாம் எப்படிக் கடந்தோம் என்றே நினைவில்லை. பத்திபாலியா சமவெளியில் எருமைப் பண்ணைகள் வரும், மொட்சரெல்லா சீஸ் வாங்கலாம் என்று திட்டம், அதற்கும் நேரமில்லை. போய்ச் சேர்ந்தபோது மூடும் நேரம் நெருங்கிவிட்டது. கோவில்களா மியூசியமா, ஒன்றைத்தான் பார்க்கலாம். டிக்கெட் இரண்டுக்கும் சேர்த்துத்தான், ஆனால் நேரம்? அப்பா கோவில்கள் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரியும், பிள்ளைகள் ஓடியாடிப் பார்க்கட்டும் என்றுதான் சொன்னார்.

கோவில்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிரமாதம். மூத்த கோவிலின் முகப்பில் ஒன்பது தூண்கள், நடு வயிறு பருத்து மேலே குறுகும் தூண்கள், அந்தி வெயிலில் அந்தச் சுண்ணாம்புக்கல் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அப்பா தூண்களை எண்ணினார், முகப்பில் ஏன் ஒற்றைப்படை என்று பேத்திக்கு விளக்க ஆரம்பித்தார், அதற்குள் காவலர் விசில் ஊதிவிட்டார். அங்கே கூட்டமே இல்லை! மேலே ஒரு வளைவுக்காக அடித்துக்கொள்கிற அந்த ஜனம் இங்கே வருவதில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் நிற்கிற கோவிலுக்கு ஒரு மதியம் ஒதுக்க மாட்டார்கள், ஆனால் தொப்பி மாற்றிப் படமெடுக்க ஊர் மொத்தத்தின் மதியத்தையும் எடுத்துக்கொள்வார்கள். மியூசியக் கதவு சாத்தியிருந்தது. தண்ணீருக்குள் பாயும் அந்த இளைஞனை அப்பா பார்க்கவில்லை. மறுநாள் எங்களுக்கு நேப்பிள்ஸில் விமானம். அப்பாவை இன்னொரு முறை அவ்வளவு தூரம் கூட்டிப்போக முடியுமா என்று என்னால் சொல்ல முடியாது. இதற்கு அந்த நீல ரிப்பன்காரர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

சித்தப்பா மகளுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "விடுங்கண்ணா, வியூ சூப்பரா இருக்குல்ல" என்கிறாள். அடுத்த வருடம் போகிறாளாம். அந்த வளைவில் நிறுத்தினாயானால் என்னிடம் பேசாதே என்று சொல்லிவிட்டேன், நிஜமாகத்தான் சொன்னேன்.

அப்புறம் அந்த வாடகைக் கார்க்காரர்கள். நான் பதிவு செய்தது இருப்பதிலேயே சின்ன கார், இந்தச் சாலைக்காகவே. கவுண்டரில் போய் நின்றால் சின்னது இல்லை, பெரியதாகத் தருகிறோம், இலவச அப்கிரேட் என்று ஒரு எஸ்யூவி சாவியை நீட்டினார்கள். வேண்டாம், எனக்குச் சின்னதுதான் வேண்டும், நான் போகிற சாலை அப்படி என்று கெஞ்சினேன். வேறு வண்டியே இல்லை, வேண்டுமானால் எடுங்கள் என்றார்கள். பின்னால் வரிசை. எடுத்தேன். சின்ன கார் கொடுத்திருந்தால் நானும் பஸ்ஸின் ஓரமாக நுழைந்து போயிருப்பேன். அன்றைக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது மடக்கிய மிர்ரர் பாறையில் உரசிக் கீறியது, அதற்கு இப்போது என் கார்டிலிருந்து பணம் எடுத்திருக்கிறார்கள், கூடவே அந்தக் கீறலைப் பதிவு செய்ததற்கு என்று தனியாக ஒரு கட்டணம். நான் கேட்காத வண்டி, நான் இழுக்காத வம்பு, பணம் மட்டும் என்னுடையது. மெயில் மேல் மெயில் போட்டுவிட்டேன். பதில் இல்லை. இன்று ராத்திரி உட்கார்ந்து மறுபடியும் ஒன்று போடப் போகிறேன், இந்த முறை பேங்க்குக்கும் சேர்த்து.