சி டிரைவுக்கு வெறும் 100 ஜிபியா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தங்கைக்கு லேப்டாப் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. 512 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் சேமிக்கும் டிஸ்க்; விண்டோஸ் கணக்கில் 476. கடைக்காரர் எங்களைக் கேட்காமலே, விண்டோஸ் இருக்கும் சி டிரைவுக்கு 100 ஒதுக்கி, மிச்சத்தை டி என்று பிரித்துவிட்டார். "ஸ்பீடா இருக்கும் சார்" என்றார். சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கில் வெளி வளையம் வேகமாகப் படிக்கும், முதலில் பிரிக்கும் சி அந்த வளையத்தில் அமையும்; அங்கே அதற்கு ஓரளவு அர்த்தம் உண்டு. எஸ்எஸ்டியில் சுழல எதுவுமே இல்லையே! இப்போது டி முக்கால்வாசி காலி, சி நிரம்பிச் சிவப்பாகிவிட்டது, அப்டேட் இறங்க இடமில்லை. சரி, சி-யைப் பெரிதாக்கலாம் என்றால், ஒட்டியிருக்கும் டி-யை அழித்தால்தான் விண்டோஸ் விடுகிறது. அவள் பாடங்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்து, அழித்து, திரும்ப ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை முழுதும் போச்சு. ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கக் கூடாதா?