மறுபடியும் அந்த லெட்டர் அளவு

பிரிண்டரில் ஏ4 தாள் கட்டு கட்டாக இருக்கிறது. ஆனால் வந்த கோப்பு லெட்டர் அளவு, அதாவது அமெரிக்காவில் புழங்கும் தாள் அளவு. உடனே விளக்கை மினுக்கிக்கொண்டு, வேறு தாள் வை என்று நின்றுவிடுகிறது. ஏ4 என்பது 210 × 297 மில்லிமீட்டர். லெட்டர் ஏறக்குறைய 216 × 279. இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு இவ்வளவு பாடு! சரி, பக்கத்துக்குப் பொருத்தச் சொன்னால் எல்லாம் சுமார் 97 விழுக்காடாகச் சுருங்குகிறது. அளவு பார்த்து வெட்டவேண்டிய படம் என்றால் அந்தத் தாள் குப்பைக்குத்தான்.

ஏ4-ஐப் பாதியாக மடித்தால் ஏ5, நீள அகல விகிதம் மாறாது. எத்தனை அழகான கணக்கு! ஜெர்மனி 1922-லேயே இதைத் தரமாக்கிவிட்டது. அப்புறமும் சில மென்பொருள்கள் என்னைக் கேட்காமலே லெட்டரைத் தேர்ந்து வைப்பது ஏன்? ஒவ்வொரு முறையும் நான்தான் போய் மாற்றவேண்டியிருக்கிறது.